மூடியவர் பெயர்

கட்டைவிரலில் ஈரம் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். என்னோடு படித்த அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த விரல்தான். முகம் அதற்குப் பின்னால் தயங்கித் தயங்கி வருகிறது. வந்தாலும் என்னை நேராகப் பார்ப்பதில்லை. அல்லது நான் பார்ப்பதில்லை.

வலது கைக் கட்டைவிரல். குறுக்கே ஒரு தழும்பு. பள்ளிக்கூட வயதில் தறியில் பாவு நூல் இழுத்து அறுத்ததாம். ரேகைகளை மேலும் கீழுமாகப் பிரித்துக்கொண்டு ஓடும் ஒற்றைக் கோடு.

ஆய்வகத் தோழி ஒருத்தியின் கல்யாணத்துக்குப் பரிசு வாங்க நாலைந்து பேர் சேலம் கடைவீதிக்குப் போயிருந்தோம். புடவைக் கடைக்காரர், "சாயமே போகாதும்மா, கேரண்டி" என்று சொல்லி முடிக்கவில்லை. முந்தானை ஓரம் அந்த விரலுக்கும் வெள்ளைக் கைக்குட்டைக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. மூன்று தேய்ப்பு. கைக்குட்டையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். இளஞ்சிவப்பாக ஒரு பிசிறு.

"ஏனுங்க, கண்ணுல பாத்துச் சொன்னீங்களா, பாத்த மாதிரி சொன்னீங்களா?"

கடைக்காரர் முகம் புடவையைவிடச் சிவந்தது. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டார். அதுதான் அவரிடம் இருந்த பயங்கரம்.

குமாரபாளையத்தில் அவர்களுக்குச் சின்னதாக ஒரு சாயப்பட்டறை. அப்பா தொட்டியில் கழியை விட்டு நூலைத் தூக்கிப் பார்க்கும்போதே, இன்னும் எத்தனை முக்கு என்று இந்தப் பெண்ணைத்தான் கேட்பாராம். இவர் பழுப்பில் ஏழு வகை சொல்வார். எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் நிறத்தை அளக்கும் நிறமானியின் பல்பு ஏறி இறங்கும் மின்சாரத்தில் எரிந்துபோய், புதியது மாதக்கணக்கில் வராமல் கிடந்தபோது நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் பத்துச் சோதனைக்குழாய்களை வரிசையாக நிறுத்தி, முதல் குழாயில் அடர்ந்த நிறம், பத்தாவதில் ஏறக்குறைய தண்ணீர் என்று ஒரு படிக்கட்டே கட்டிவிட்டார். "மிசினுக்கு ஒரு கண்ணு. நமக்கு ரெண்டு இருக்குதுங்களே" என்றார்.

நானும் அவரும் ஒரே வருஷம் எம்.ஃபில். சேர்ந்தவர்கள். எண்பதுகளின் பிற்பாதி. நான் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன், பையில் ஆய்வுக் குறிப்பேட்டைவிடக் கனமாகக் கவிதை நோட்டு. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கவிஞரே!" பாராட்டா, கிண்டலா? இரண்டும்தான். ஒருநாள் என் கவிதை ஒன்றை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"சேர்வராயன் மலையில பனி உருகுதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"பனி எங்கீங்க உருகுது? அங்க பொகையாட்டம் வரும், வெயில் வந்தாப் போயிரும். பாக்காமலே எழுதிப்போட்டீங்களா?"

"கவிதைங்க அது."

"அப்பச் சரி" என்றார், சரியில்லை என்ற குரலில்.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு வளையம். அசிட்டோனையும், மீன் நாற்றமடிக்கும் இன்னொரு திரவத்தையும் அமிலத்தில் சேர்த்துக் காத்திருந்தால் வெள்ளையாக ஒரு பொடி இறங்கும். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு வளையம். உள்பக்கம் பார்த்தபடி நான்கு நைட்ரஜன்கள். அதற்குள் தாமிரத்தைக் கொண்டுபோய் உட்காரவைத்தால் கத்திரிப்பூ நிறம் வரும். அந்த நிறத்தை இன்றைக்கும் நான் செடியில் பார்த்தால் நடையை எட்டிப்போடுகிறேன்.

எதற்கு இது என்று நான் கேட்டேன். கேண்டீன் மரத்தடியில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"கதிர் விடற தாமிரம்னு ஒண்ணு இருக்குதுங்க. அதை வளையத்துக்குள்ள வெச்சு, கட்டி எங்க இருக்குதோ அங்க போய் ஒட்டற சரக்கோட கோத்து ஊசியில ஏத்துவாங்க. வெளிய ஒரு கேமரா. கட்டி எங்கேன்னு படத்துல வெளிச்சமாத் தெரியும்."

"சரி, வளையம் எதுக்கு? தாமிரத்தைச் சும்மா கட்டிவிட முடியாதா?"

தன் தாவணிக் காலத்திலிருந்தே வைத்திருப்பதுபோல் பையிலிருந்து ஒரு துண்டு நூலை எடுத்தார். டீ கிளாஸின் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அவிழ்ந்தது.

"முனை இருந்தா இழுத்துப்போடலாம். வளையத்துக்கு முனை எங்கீங்க இருக்குது?"

பிறகு, நூலை விரலில் சுற்றிக்கொண்டே: "அப்படியும் உட்டுப்போடற வளையம் உண்டு. உடம்புக்குள்ள உட்டுட்டா, தாமிரம் நேராப் போய் ஈரல்ல உக்காந்துக்கும். படத்துல ஈரல்தான் தெரியும். டாக்டரு ஈரல்ல கட்டின்னு சொல்லிப்போடுவாரு. அந்தப் படம் பொய்ப் படமுங்க. அதைவிட எடுக்காமயே இருக்கலாம்."

பொய்ப் படம் என்று சொன்னபோது குரல் இறங்கியது. பிறகு அவரே சொன்னார். அவருடைய அம்மாவுக்கு ஓயாத இருமல். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள்.

"படத்தைக் கவருக்குள்ள இருந்து எடுக்கவே இல்லீங்க. கவரு மேல எழுதியிருந்ததைப் படிச்சுப்போட்டுக் காசம்னுட்டாங்க. ஒரு வருசம். தட்டு தனி, டம்ளர் தனி. எம்பட தங்கச்சி அப்பக் கைக்கொழந்தை. அம்மாளைத் தொடவே உடல. அது அழுவும், அம்மா சன்னலுக்கு அக்கட்ட நின்னு அழுவும். அப்பறம் வேற ஒரு டாக்டரு படத்தை வெளிய எடுத்து வெளிச்சத்துல புடிச்சாரு. காசமே இல்லீங்க, பஞ்சுத் தூசி. உள்ள இருந்த படம் அம்மாளுது. கவரு வேற யாருதோ."

டீ முழுதும் ஆறிவிட்டிருந்தது. அப்படியே குடித்தார்.

அதனால்தானோ என்னவோ, ஆய்வகத்தில் அவர் கைபட்ட ஒவ்வொரு புட்டியிலும் மூன்று வரி இருக்கும். தயாரித்தவர். மூடியவர். நாள். நீலப் பேனா மையில், பள்ளிக்கூடப் பிள்ளையின் குண்டு எழுத்தில். நாங்கள் கேலி செய்வோம். "தண்ணி புட்டிக்கும் தயாரித்தவர் பேர் போடுங்க, மேட்டூர் டேம்னு" என்று நான் சொல்லியிருக்கிறேன். புட்டியின் வாயை மெழுகுவர்த்தி உருக்கி அடைத்து, சூடு ஆறுமுன் கட்டைவிரலை அழுத்துவார். வீட்டில் சாயப்பொடி டப்பாக்களை அப்படித்தான் அடைப்பார்களாம்.

பம்பாயில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே அந்தக் கதிர்த் தாமிரத்தோடு வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பேராசிரியர் எழுதிக் கேட்டதில், வளையம் அமிலத்தில் தாமிரத்தை விடாமல் நிற்கிறதா என்று நாற்பது நாள் பார்த்து எழுதுங்கள், நின்றால் இந்தப் பெண்ணை இங்கேயே முனைவர் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. வீட்டில் ஒரே பேச்சு: பம்பாய் வந்தால் பம்பாய். இல்லையென்றால் படிப்பு போதும், கிடைக்கிற பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார். அது வளையத்தின் மேல் வைத்த நம்பிக்கை இல்லை. தெரிந்துகொண்டுவிடலாம் என்ற நம்பிக்கை.

ஏப்ரல் கடைசியில் புட்டியை வைத்தார். கத்திரிப்பூ நிறம், அமிலத்தில். வளையம் தாமிரத்தை விட்டால் நிறம் வெளுக்கும். விடாவிட்டால் அப்படியே நிற்கும். அவ்வளவுதான் சோதனை. முதல் வாரம் அவரே பார்த்தார். பிறகு அக்காவுக்குப் பிரசவம் என்று ஊரிலிருந்து ஆள் வந்தது.

சாவியை என்னிடம் தந்தார். குறிப்பேட்டையும்.

"தெனம் பத்து மணிக்கு. குழாய்ப் படிக்கட்டுக்குப் பக்கத்துல புட்டியைப் புடிச்சு, எந்தப் படின்னு எழுதிப்போடுங்க. தொறக்க வேண்டாம். அவ்வளவுதானுங்க."

"இதுக்குப் போயி இவ்வளவு சொல்லணுமா? நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

"நான் யாருகிட்டயும் உட்டுட்டுப் போனதில்லீங்க" என்றார். அப்புறம் சிரித்தார். அது அபூர்வம். "கவிஞரு கண்ணு நல்ல கண்ணாத்தான் இருக்கோணும்."

நான்கு நாள் போனேன். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதினேன். ஐந்தாம் நாள் திருச்செங்கோட்டில் நண்பர்கள் கையெழுத்துப் பத்திரிகை தொடங்குகிறார்கள் என்று பஸ் ஏறினேன். ஒருநாள் என்று போனது இருபத்துமூன்று நாள் ஆயிற்று. மலையடிவாரத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு பட்டறை மாடியில் படுத்துக்கொண்டு, உண்மை என்ற தலைப்பில் நீளமாக ஒன்று எழுதினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பி வந்து ஆய்வகத்தைத் திறந்தேன். வெயில் சன்னல் வழியாகப் புட்டியின் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. போகிற அவசரத்தில் சன்னல் கதவைச் சாத்தாமல் போயிருந்தேன். கத்திரிப்பூ நிறம் பாதியாக வெளுத்திருந்தது. படிக்கட்டில் ஐந்தாவது குழாய்.

என்னால்தான் கெட்டது என்று நினைத்தேன். வெயில்தான் கெடுத்தது, நான்தான் சன்னலைத் திறந்துவிட்டேன், ஒரு பெண்ணின் பம்பாயைக் காயவைத்துவிட்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை. நான் கெடுத்ததை நானே சரிசெய்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று மட்டும் தோன்றியது.

மெழுகைச் சுரண்டி எடுத்தேன். திரவத்தைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். தாமிரம் சேர்த்த அவருடைய பொடி அலமாரியில் இருந்தது, எடை குறிப்பேட்டில் இருந்தது. புதிதாகக் கரைத்து அதே புட்டியில் ஊற்றி, மெழுகு உருக்கி, கட்டைவிரலை அழுத்தினேன். விரல் சுட்டது. தப்பு செய்கிறேன் என்று உடம்பு சொன்னது அது ஒன்றுதான்.

பிறகு உட்கார்ந்து இருபத்துமூன்று நாளையும் எழுதினேன். பேனாவை மாற்றி மாற்றி. ஒரு நாளுக்கு ஓரத்தில் 'வெயில் கடுமை', இன்னொரு நாளுக்கு 'மின்சாரம் இல்லை, வாசலில் வைத்துப் பார்த்தேன்', மற்றொன்றுக்கு 'லேசான தூறல், வெளிச்சம் குறைவு'. கவிஞன் அல்லவா. பொய்க்கு வானிலை சேர்க்கத் தெரியும்.

நாற்பதாவது நாள் அவர் வந்தார். புட்டிக்குள் இருந்தது ஒரு வாரம்கூட ஆகாத தண்ணீர். படிக்கட்டோடு சேர்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு நூல் வெளுத்திருக்குதுங்க."

"நாற்பது நாளைக்கு ஒரு நூல்தானே?" என்றேன்.

குறிப்பேட்டைப் புரட்டினார். ஓரக் குறிப்புகளில் விரல் நின்றது.

"தூறலெல்லாம் எழுதியிருக்கீங்களே கவிஞரே! நானா இருந்தாக்கூட எழுதியிருக்க மாட்டேன்." முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியை நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு, டீ குடிக்கலாமா என்று கேட்டேன்.

புட்டி பீரோவுக்குள் போனது. முடிவும், கொஞ்சம் பொடியும் பம்பாய்க்குப் போயின.

செப்டம்பரில் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். நீங்கள் அனுப்பிய பொடியையே எடுத்துப் பார்த்தோம், எங்கள் கையில் மூன்று வாரத்தில் நிறம் பாதியாகிறது, தயவுசெய்து உங்கள் குறிப்புகளைச் சரிபார்க்கவும். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுபடி ஒரு புட்டி வைத்தார். இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் தானே வந்து பார்த்தார். காய்ச்சலோடு ஒருநாள் வந்து பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி போனார். நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் ஒரு மத்தியானம். ஆய்வகத்தில் நாங்கள் இருவர்தான்.

"கவிஞரே, இங்க வாங்க."

சன்னல் திட்டில் இரண்டு புட்டிகள். இப்போது வைத்தது ஒன்று, பீரோவிலிருந்து எடுத்த பழையது ஒன்று. இரண்டும் ஒரே வெளுப்பு.

"மே மாசம் நாப்பது நாள் வெளுக்காத தண்ணி, பீரோவுக்குள்ள போனப்பறம் வெளுத்திருக்குதுங்க."

அவருடைய கட்டைவிரல் பழைய புட்டியின் மெழுகின் மேல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வந்துபோய்க்கொண்டிருந்தது. எதையோ தேடுகிற விரல். எனக்கு அப்போது புரியவில்லை.

"அந்த நோட்டுல எழுதினது, நீங்க கண்ணுல பாத்ததுதானுங்களே?"

கடைக்காரரிடம் கேட்ட அதே குரல். கோபமில்லை. பதில் தெரிந்தால் போதும். சன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். அந்தச் சத்தம் அடங்குகிற அளவுக்கு எனக்கு நேரம் கொடுத்தார்.

"ஆமாங்க" என்றேன். "கண்ணாலதான் பாத்தேன்."

"சரிங்க."

பழைய புட்டியைக் கீழே வைத்தார். புதியதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார், எனக்கு இல்லை, வெளிச்சத்துக்கே காட்டுவதுபோல்.

"பாதியில வந்து நின்னுக்குது பாருங்க. மேக்கொண்டு வெளுக்கல. உள்ள ரெண்டு சாதி வளையம் இருக்குதுங்க. ஒண்ணு உட்டுப்போடுது. ஒண்ணு உடவே மாட்டேங்குது. மே மாசமே தெரிஞ்சிருந்தா, உடாததை மட்டும் பிரிச்செடுத்து அனுப்பியிருக்கலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயில் எதையும் கெடுக்கவில்லை; பீரோ இருட்டிலும் அதே வெளுப்புத்தான். என் சன்னல் எதையும் கெடுக்கவில்லை. நான் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டதுதான் அவர் காத்திருந்த விடை.

அடுத்த நாள் ஒரு காகிதத்தோடு வந்தார். பம்பாய்க்குப் பதில். "உங்க கையெழுத்து அழகா இருக்கும். நல்லா எழுதிக் குடுங்க."

படித்தேன். மே மாதக் குறிப்புகள் நான் என் கண்ணால் பார்க்காதவை, பார்க்காமலே என் பெயரில் அனுப்பினேன், அவற்றை நீக்கிவிடவும், பிழை என்னுடையது. அடுத்து, இரண்டு சாதி வளையம் பற்றி நான்கு வரி. என் பெயர் எங்கும் இல்லை.

"எதுக்குங்க இப்படி?" என்றேன். கேட்டது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"பாக்காததை எழுதி அனுப்புனது நாந்தானுங்களே. எங்கம்மாளுக்குச் செஞ்சதையே நானும் செஞ்சுபோட்டேன். கவரைப் படிச்சேன், படத்தைப் பாக்கல."

எழுதினேன். எழுத்து அழகாகத்தான் வந்தது. 'பிழை என்னுடையது' என்ற வரியை நானே, என் கையால், அவருக்காக எழுதினேன். கையெழுத்துப் போட மட்டும் காகிதத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

பம்பாயிலிருந்து இரண்டு வரி வந்தது. நேர்மைக்கு நன்றி, இந்த வருஷத்து இடம் நிரம்பிவிட்டது. கொஞ்ச நாளில் கெங்கவல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போய்விட்டார். போகும் நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என் மேசைக்கும் வந்தார். "வாரேனுங்க கவிஞரே." அவ்வளவுதான்.

ஒரு தடவை பார்த்தேன். சேலம் பஸ் ஸ்டாண்டில், ஆத்தூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். கக்கத்தில் சுருட்டிய வரைபடத்தாள்கள், விரலில் சாக்பீஸ் தூள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"இன்னும் எழுதறீங்களா?"

"எழுதறேங்க."

"கண்ணுல பாத்ததா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பஸ் வந்துவிட்டது. நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பஸ்கள் எப்போதும் என் கட்சி.

அந்தச் சந்திப்புக்கு முன்பே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் இவ்வளவும். நான் அதே கல்லூரியில் செய்முறை விளக்குநராகச் சேர்ந்திருந்தேன். முதல் வேலையாகப் பீரோவைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். கீழ்த்தட்டில் அவருடைய புட்டிகள், பத்துப் பதினைந்து. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றின் மெழுகிலும் ஒரு கட்டைவிரல், அதன் குறுக்கே ஒரு கோடு. கோடு, கோடு, கோடு. கடைசியில் அந்த மே மாதத்துப் புட்டி. மெழுகில் விரல் இருந்தது. கோடு இல்லை.

அவருடைய விரல் அன்றைக்கு அதன் மேல் எதைத் தேடிப் போய்வந்தது என்று தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் என்னைக் கேட்டிருக்கிறார். நான் சொல்வதற்கு இடம் விட்டுக் கேட்டிருக்கிறார்.

புட்டியைத் திருப்பினேன். பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தார். அதே குண்டு எழுத்து, அதே நீல மை. தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். கவிஞர் என்று இல்லை, அவர் ஒருநாளும் கூப்பிட்டிராத என் முழுப்பெயர், தலைப்பெழுத்தோடு. மூடியவர் என்ற இடத்திலும் அதுவே. நாள் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி. அது மட்டும்தான் அவருக்குத் தெரியாதது. தெரியாததை அவர் எழுதமாட்டார்.

வெளியே மாணவர்களின் காலடி கேட்டது. செய்முறை வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள். நான் கட்டைவிரலில் எச்சில் தொட்டு அந்தச் சீட்டின் மேல் தேய்த்தேன். மூன்று தேய்ப்பு. என் பெயர் கரைந்து விரலில் நீலமாக ஏறியது.